1862, கீழே ஒரு புள்ளி

விக்ரம வருஷம் ஐப்பசி மாதம், ஆங்கிலக் கணக்கில் 1940 அக்டோபரில், பழைய ராணி தலை போட்ட ரூபாயும் அரை ரூபாயும் அடுத்த பங்குனிக்கு மேல் செல்லாது என்ற சர்க்கார் அறிவிப்பு பத்திரிகையில் வந்தது. அந்தச் செய்தியை வெட்டி என் குறிப்பேட்டில் ஒட்டினேன். மாவுப் பசை பழுத்து எழுத்தின் மேல் ஏறிவிட்டாலும் இன்னும் படிக்க முடிகிறது.

நான் அப்போது இராசிபுரத்தில் பத்திரம் எழுதிப் பிழைத்து வந்தேன். ஊரார் எனக்கு வைத்த பெயர் ரைட்டர். கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம், பாகப் பிரிவினை என்று நாள் முழுவதும் தமிழ் வருஷத்துக்கு ஆங்கில வருஷம் பார்த்து எழுதும் தொழில். அந்தப் பழக்கம் என் ஓய்வு நேரத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. கையில் வரும் எந்த நாணயத்தையும் வருஷம் பார்க்காமல் விடமாட்டேன். வருஷத்துக்கு ஒன்றாக வெள்ளி ரூபாய்களைச் சேர்த்துக்கொண்டு வந்தேன். சரித்திரப் புத்தகங்களை இரவல் வாங்கிப் படிப்பேன். சேலத்துக் கடை ஒன்றில் வாங்கிய பூதக்கண்ணாடி ஒன்று பேனாக்களோடு என் பெட்டியில் கிடக்கும்.

அறிவிப்பு வந்ததும் இந்தக் கண்ணாடிக்கு மவுசு வந்தது. அடுக்குப் பானைக்குள்ளும் நெல் குதிருக்குள்ளும் கிடந்த ராணி ரூபாய்கள் எல்லாம் வெளியே வந்தன. பல கறுத்திருந்தன, சில பச்சை பூத்திருந்தன, சிலவற்றில் எள் தெளித்தாற்போலப் புள்ளி. கஜானாவில் கொடுத்தால் கள்ளக் காசு என்று பிடித்துக்கொள்வார்களோ என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள்.

ஆட்டையாம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் ஒரு ரூபாயை நீட்டி, "ஏனுங்க ரைட்டரய்யா, ராணிக்கு அம்மை போட்டிருக்குதுங்களா? மொகமெல்லாம் புள்ளி" என்றார்.

"எங்கே வைத்திருந்தீர்கள்?"

"உப்புப் பானைக்குப் பின்னாலதானுங்க."

"அம்மை இல்லை. உப்புத்தான் அரித்திருக்கிறது. வெள்ளி நல்ல வெள்ளி."

"அப்ப வேப்பலை வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு அவர் காசை மடியில் முடிந்துகொண்டு போனார்.

வெள்ளிக் காசின் மேல் ஏறும் நிறம் அது எங்கே இருந்தது என்பதைச் சொல்லிவிடும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அடுப்புப் புகை படும் பரணில் இருந்தது முதலில் பொன் மஞ்சளாகும், அப்புறம் செம்பழுப்பு, பிறகு மயில் கழுத்து நீலம், கடைசியில் கறுப்பு. வெங்காயப் பட்டறைக்குப் பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் கறுக்கும். விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் பச்சை இருந்தால், அங்கே காது வைத்துப் பற்றவைத்து யார் கழுத்திலோ தொங்கியிருக்கிறது என்று அர்த்தம். வெற்றிலைப் பெட்டியில் கிடந்ததில் சுண்ணாம்பு பிடித்துச் சொரசொரக்கும். இவற்றை நான் சொல்லச் சொல்ல, கொண்டுவந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். "ஆமாங்க, பரண்லதான் இருந்துச்சு" என்பார்கள். ஜோசியன் சொன்னது பலித்துவிட்டது போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அதை மறைத்து எழுத விருப்பமில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் காலையில், பத்திரம் எழுத வந்தவர்கள் யாரும் இன்னும் சேராத நேரத்தில், ஒரு பெண் வந்தாள். நாலு தெரு தள்ளி, பத்துத் தறி வைத்திருந்த ஒரு தறிக்காரர் வீட்டில் தார் சுற்றுபவள். ஊடைநூலைச் சின்னக் குழல்களில் சுற்றிக் கொடுக்கும் வேலை அது. முப்பது வயதுக்குள் இருக்கும். புருஷன் பகுதானிய வருஷத்தில் கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன். ஒரு வருஷமாக அவனிடமிருந்து கடிதம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் அதற்கு முன்பு அவன் அனுப்பிய கடிதங்களை அவளுக்குப் படித்துச் சொன்னவன் நான்தான்.

உள்ளங்கையில் மூடி வைத்திருந்த ஒரு ரூபாயை என் மேஜை மேல் வைத்தாள்.

"இது செல்லுமுங்களா?"

"பங்குனி வரைக்கும் செல்லும் அம்மணி. ராணி காசு."

"பங்குனிக்கு மேல?"

"செல்லாது."

"கடைக்குத்தானுங்களே செல்லாது?" என்றாள். "கோயில்ல செல்லுமில்லீங்க?"

இந்தக் கேள்வியைக் குறிப்பேட்டில் அன்றே எழுதியிருக்கிறேன். ஆனால் அன்று அதைக் காதில் வாங்கவில்லை. நான் காசைப் புரட்டிக் கண்ணாடியை வைத்துவிட்டேன். ராணியின் முகம் இருந்த பக்கம் பொன் மஞ்சளும் பழுப்புமாக இருந்தது. வருஷம் போட்ட பக்கத்தில் அதே நிறத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், வலை விரித்தாற்போல. துணியின் நெசவு அப்படியே வெள்ளியில் பதிந்திருந்தது. கோடுகளுக்கு நடுவே மஞ்சள்பொடி ஒட்டியிருந்தது.

"மஞ்சத் துணியில் கட்டி வைத்த காசு இது" என்றேன். "இரண்டு வருஷத்துக்குக் குறையாது."

அவள் கை இடுப்பு மடிக்குப் போயிற்று.

"யாருடையது?"

"என்றதுதானுங்க."

அப்போதுதான் வருஷத்தைப் பார்த்தேன். 1862. அந்த வருஷத்து ரூபாய்க்கு ஒரு விசேஷம் உண்டு. ஆண்டு எண்ணை மாற்றாமலே பல வருஷம் அதே 1862-ஐப் போட்டு அடித்தார்கள். எண்ணுக்குக் கீழே பொடிப் பொடியாகப் புள்ளி இருக்கும். ஒரு காசில் இரண்டு, ஒன்றில் மூன்று, ஒன்றில் புள்ளியே இராது. புள்ளியை எண்ணினால் அடித்த வருஷம் தெரியும் என்பது என் அனுமானம். ஒற்றைப் புள்ளிக் காசு ஒன்றை நான் ஆறு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன். இவள் கொண்டுவந்த காசில் எண்ணுக்குக் கீழே கறுப்பாக இரண்டு புள்ளிகள் தெரிந்தன. இரண்டும் அச்சில் வந்த புள்ளியா, அல்லது ஒன்று கறையா, இரண்டுமே கறையா என்று சொல்ல முடியவில்லை.

"சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறாயா? வருஷம் சரியாகப் பார்க்க வேண்டும்" என்றேன்.

அவள் தயங்கினாள். "பத்தரமா இருக்குமில்லீங்க?"

"என்னிடத்திலா?"

"அதுக்கில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் காசைப் பற்றிக் குறிப்பேட்டில் இப்படி எழுதினேன்: 'மஞ்சள் துணித் தடம். இழைகள் தடிப்பு, இடைவெளி அகலம். 1862. இரண்டு புள்ளி (?)'. எழுதி முடித்ததும் பக்கத்துக் காப்பிக் கடையில் ஒரு கிண்ணமும் கொஞ்சம் புளியும் வாங்கிக்கொண்டு வந்தேன். புளி நீரில் காசை ஊறவிட்டு, திருநீறு தொட்டுத் தேய்த்தேன். மஞ்சள் போயிற்று, பழுப்பு போயிற்று, நெசவுக் கோடுகளும் போயின. கழுவித் துடைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு புள்ளிகளில் ஒன்று கறை. அது போய்விட்டது. மற்றது அழுத்தமாக, உருண்டையாக நின்றது. குறிப்பேட்டில் கேள்விக்குறியை அடித்துவிட்டு 'கீழே ஒரு புள்ளி' என்று எழுதினேன். சந்தோஷத்தில் அதன் கீழே இரண்டு கோடும் இழுத்தேன்.

மதியம் அந்தத் தறிக்காரர் வந்தார், அவள் வேலை செய்த வீட்டுக்காரர். தன் வீட்டு ராணி ரூபாய்கள் சிலவற்றைக் காட்டிவிட்டு, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "ஊட்ல ஒரே ரகளைங்க. சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தப்ப எங்கூட்டுக்காரி கொலசாமிக்கு ஒரு ரூவா முடிஞ்சு வெச்சிருந்தா. பையன் தேறி ரெண்டு வருசமாச்சு. இன்னிக்குக் கொண்டு போலாம், நாளைக்குக் கொண்டு போலாம்னு சாமி படத்துக்குப் பின்னாலயே கெடந்துச்சு. ராணி காசு செல்லாதுன்னதும் எடுக்கப் போனா, முடிச்சைக் காணோம்."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். "மஞ்சத் துணியில் கட்டிய காசு ஒன்று காலையில் என்னிடம் வந்தது" என்றேன்.

"ஆரு கொண்டாந்தாங்க?"

சொன்னேன். காசையும் எடுத்துக் காட்டினேன். அவர் அதைச் சுண்டிப் பார்த்தார். எழுந்து நின்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நீங்களும் சித்த வாங்க" என்றார். நானும் போனேன்.

அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் தறி ஓடும். தெருவுக்குள் நுழைந்தால் பேச்சுக் காதில் விழாது. நாங்கள் போய் நின்ற சில நிமிஷத்தில் ஒவ்வொரு தறியாக நின்றது. வீட்டுக்காரரின் மனைவி வாசலுக்கு வந்தாள். தார் சுற்றிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டார்கள். அவள் கையில் நூல்குழலோடு வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த காசைப் பார்த்தாள். அது வெள்ளை வெளேரென்று இருந்ததைக் கண்டதும் அவள் முகம் மாறிற்று. திருட்டு வெளியான முகம் அது என்று அப்போது நினைத்தேன்.

வீட்டுக்காரி காசை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது என்றது இல்லீங்களே. என்றது கறுத்துக் கெடந்துச்சு. இது புதுசாட்ட இருக்குது" என்றாள்.

"காலையில் இதுவும் அப்படித்தான் இருந்தது. நான்தான் கழுவினேன்" என்றேன். "மஞ்சத் துணியில் இரண்டு வருஷமாவது கட்டி வைத்த காசு. நெசவு பதிந்திருந்தது. அதில் சந்தேகமே இல்லை."

எதிர்வீட்டுக் கிழ நெசவாளி ஒருவர் தறிக்குழியிலிருந்து ஏறி வந்திருந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "நெசவு பதிஞ்சிருந்துச்சுங்களா? எங்க, காட்டுங்க. எத்தனாம் நம்பர் நூலுன்னு சொல்லிப் போடறேன்" என்றார்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"கழுவியாகிவிட்டது" என்றேன்.

"அடடா. கழுவிட்டீங்களா? துணியப் பார்த்தா ஆரு ஊட்டுத் துணின்னு சொல்லிப் போடலாமே."

"துணி என்றால் துணிதான். இதில் நம்பர் என்ன வேண்டிக்கிடக்கிறது?" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் சொன்னதற்கு மேல் இன்னொருவர் சொல்ல வருகிறாரே என்ற கோபம். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் பின்வாங்கினார்.

வீட்டுக்காரி அவளிடம் திரும்பினாள். "ஏம்புள்ள, இது உன்றதா?"

"ஆமாங்க."

"எதுக்கு முடிஞ்சு வெச்சே?"

அவள் வாயைத் திறக்கவில்லை.

"சொல்லு புள்ள. எந்தச் சாமிக்கு? என்னன்னு நேந்துக்கிட்டே?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கை இடுப்பில் மடியைப் பிடித்திருந்தது. நேர்ந்துகொண்டது நிறைவேறும் முன் வாய்விட்டுச் சொன்னால் பலிக்காது என்பது எங்கள் பக்கத்தில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். வீட்டுக்காரியின் வேண்டுதல் பலித்துவிட்டது. மகன் தேறிவிட்டான். அதனால் அவள் ஊரெல்லாம் சொல்லலாம். பலிக்காத வேண்டுதல் உள்ளவள் சொல்ல முடியாது. அந்தத் தெருவில் நின்ற ஒவ்வொருவருக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் ரைட்டர் கண்ணாடி வைத்துப் பார்த்துச் சந்தேகமே இல்லை என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

"என்றதுங்க" என்று மட்டும் மறுபடியும் சொன்னாள். நூல்குழலை வாசற்படியில் வைத்துவிட்டு நடந்தாள். காசு வீட்டுக்காரியிடம் இருந்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததை என் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்: "நம்ம ஊட்லயும் ரெண்டு முடிச்சுக் கெடக்குது. அதையும் திருட்டுக் காசுன்னு சொல்லிப் போடுவீங்களா?"

"ரெண்டா? ஒன்றுதானே எனக்குத் தெரியும்?"

"இன்னொண்ணு எதுக்குன்னு கேக்காதீங்க."

மறுநாள் போய், இப்படி முடிச்சு எந்த வீட்டிலும் இருக்கும் என்று தறிக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று படுக்கும்போது நினைத்தேன். மறுநாள் ஒரு பாகப் பிரிவினைப் பத்திரம் இருந்தது. நான்கு பங்காளிகள், நான்கு எல்லை, ஒரு கிணறு. அதற்கடுத்த நாள் அவள் தன் சிறு பெண்ணைக் கூட்டிக்கொண்டு மேச்சேரிப் பக்கம் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

தை நோம்பிக்கு, அதாவது பொங்கலுக்கு, வீடு வெள்ளையடிப்பார்கள். மார்கழி கடைசியில் அந்தத் தறிக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கையைத் திறந்து காட்டினார். மஞ்சள் துணி முடிச்சு ஒன்று, ஓரமெல்லாம் கடிபட்டு இருந்தது.

"பரணுக்கு மேல, ஓட்டுச் சந்துல கெடந்துச்சுங்க. எலி இழுத்துக்கிட்டுப் போயிருக்குது. காசோட அரிசி முடிஞ்சிருந்தாளாம்."

முடிச்சை அவிழ்த்தோம். ராணி ரூபாய்தான். கறுப்புக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்ட பழுப்பு. நெசவுத் தடம் இதிலும் இருந்தது. கண்ணாடியை வைத்தேன். இழை அவ்வளவு நெருக்கம், ஊசி முனை போகாது. அவர் தறியில் ஓடும் மெல்லிய வேட்டித் துணியின் முனையைக் கிழித்து மஞ்சளில் நனைத்திருக்கிறார்கள்.

என் குறிப்பேட்டைத் திருப்பினேன். 'இழைகள் தடிப்பு, இடைவெளி அகலம்.' அவள் காசில் இருந்தது முரட்டுக் காடாத் துணியின் தடம். தறிக்கார வீட்டில் சாமிக்கு முடிய யாரும் காடாத் துணியை எடுக்கமாட்டார்கள். அன்று காலை நானே கண்ணால் பார்த்து, கையால் எழுதி வைத்திருக்கிறேன். நூற்றுக்கு மேற்பட்ட நெசவாளிகள் இருந்த தெருவில் அந்தக் காசை அப்படியே காட்டியிருந்தால், கிழவர் என்ன, தறிக்குழியில் இறங்கத் தெரிந்த எவரும் ஒரு பார்வையில் சொல்லியிருப்பார்கள். அவள் வாய் திறக்க வேண்டியதே இல்லை. அவளுக்காகக் காசு பேசியிருக்கும். நான் அதை ஒரு புள்ளிக்காகத் தேய்த்துவிட்டேன்.

தறிக்காரர் அவள் காசை என்னிடம் கொடுத்தார். "நீங்கதான் கொண்டாந்தீங்க. நீங்களே சேத்திருங்க" என்றார்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலம் போய், அங்கிருந்து ஓமலூர் வழியாக மேச்சேரிக்குப் பஸ் பிடித்தேன். கிராமத்தைக் கண்டுபிடிக்க வெயில் ஏறிவிட்டது. அவள் அண்ணன் வீட்டு ஆடுகளைப் பட்டிக்குப் பக்கத்தில் மேய விட்டுக்கொண்டிருந்தாள். சிவந்த, ரோமம் குறைந்த ஆடுகள். என்னைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க" என்றாள். வேலிமர நிழலில் உட்காரச் சொல்லி, அவளுடைய பெண்ணை அனுப்பி மோர் கொண்டுவரச் செய்தாள். அந்த உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை. குறை இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

முடிச்சு கிடைத்துவிட்டதைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். அவள் காசை எடுத்து நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. "மஞ்ச போன காசை எந்தச் சாமிக்கு வெக்கறதுங்க?"

"நீ அன்றைக்கே அந்தத் துணியைக் காட்டியிருந்தால்கூட..."

"மடியிலதானுங்க இருந்துச்சு. காட்டுனா எதுக்குன்னு கேப்பீங்க."

நான் பையிலிருந்து இன்னொரு ரூபாயை எடுத்தேன். என் சேகரிப்பில் இருந்தது, பழுப்பேறியது, யாரும் கழுவாதது. "இதுவும் 1862-தான். இதை வைத்துக்கொள்" என்றேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் சொன்னேன்.

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "வருசம் ஒண்ணா இருந்தா காசும் ஒண்ணாயிருமுங்களா ரைட்டரய்யா?"

ஓர் ஆடு சோளக்கொல்லைப் பக்கம் திரும்பிற்று. அவள் எழுந்து போய் அதைத் திருப்பிவிட்டு வந்தாள். நின்றபடியே பேசினாள்.

"காசு வேண்டாமுங்க. அது போயிருச்சு. எனக்கு ஒண்ணு மட்டும் செஞ்சீங்கன்னாப் போதும். அந்தத் தெருவுல நின்னு சொன்னீங்களே, அதே எடத்துல நின்னு, இவ எடுக்கலைன்னு சொல்லீருங்க."

"தறிக்காரருக்கு எல்லாம் தெரியும் அம்மணி. அவர் மனைவிக்கும் தெரியும்."

"அவங்களுக்குத் தெரிஞ்சு என்னாகுதுங்க? எங்கூட்டுக்காரரு வந்தா மொதல்ல அந்தத் தெருவுக்குத்தான் வருவாரு. அவருக்கு நான் இங்க இருக்கறது தெரியாது. அந்தத் தெருவுல கேக்கறதுதான் அவரு காதுல மொதல்ல உழுகும்."

என்ன நேர்ந்துகொண்டாள் என்று அவள் அப்போதும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

"சொல்கிறேன்" என்றேன். "இந்த வாரமே சொல்கிறேன்."

திரும்பி வந்ததும் தறிக்காரரிடம் போனேன். தெருவில் நின்று எல்லாருக்கும் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் என்னை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"எதுக்குங்க இப்ப அதைக் கிளறிக்கிட்டு? தெருவுல நின்னு சொன்னீங்கன்னா எங்கூட்டுக்காரி மொகத்தை எங்க கொண்டு போய் வெப்பா? சாமி காசை எலி எடுத்ததுக்கு மனுசியத் தொரத்துனாங்கன்னு பேசுவாங்க. அவளா ஊரை உட்டுப் போனா. நாங்க போகச் சொல்லலீங்களே. நீங்களும் யோசிங்க. நாளைக்கு உங்க கையெழுத்தை ஆரு நம்புவாங்க?"

கடைசியாகச் சொன்னது அவர் என் மேல் எறிந்த கல்லாக இருக்கலாம், அக்கறையாகவும் இருக்கலாம். படவேண்டிய இடத்தில் அது பட்டது. ஊரில் என் எழுத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. நான் எழுதிய எல்லை தப்பாது, நான் போட்ட தேதி தப்பாது என்பார்கள்.

இருந்தாலும் அந்த வாரம் ஒரு நாள் காலையில் தெருவுக்குப் போனேன். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அன்று நின்ற இடத்திலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுக் கிழவர் சன்னல் வழியாகப் பார்த்து, தறியை நிறுத்திவிட்டு, "என்னங்க ரைட்டரய்யா, நிக்கறீங்க?" என்று கேட்டார். பக்கத்துத் தறியும் நின்றது. என் வாயில் சொல் தயாராக இருந்தது.

"நூல் விலை ஏறிப்போச்சாமே" என்றேன்.

"அதை ஏன் கேக்கறீங்க" என்று அவர் ஆரம்பித்தார். யுத்தத்தைப் பற்றியும் சாயத்தைப் பற்றியும் அரைமணி நேரம் பேசினோம். தறிகள் மறுபடி ஓடத் தொடங்கியதும் வந்துவிட்டேன். குறிப்பேட்டில் அந்த நாளுக்கு நூல் விலை பற்றி இரண்டு வரி இருக்கிறது. வேறொன்றும் இல்லை. அப்புறம் பங்குனி வந்தது, போயிற்று. ராணி காசு செல்லாமல் போயிற்று. யாரும் கறை பார்க்க என்னிடம் வரவில்லை. சொல்ல வேண்டியது தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

விஷு வருஷம் ஆவணியில் ஒருவன் தகரப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். காலில் வட்ட வட்டமாகத் தழும்புகள். தேயிலைத் தோட்டத்து அட்டை கடித்த தழும்பு. யார் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"நீங்கதானுங்களா காசு பாக்கறவரு?"

"ஆமாம். உட்கார்."

அவன் உட்காரவில்லை. "தெருவுக்குப் போயிட்டு வாரேனுங்க. அங்க ஒண்ணு சொன்னாங்க. நீங்க கண்ணாடி வெச்சுப் பார்த்துச் சொன்னீங்கன்னாங்க. நெசமுங்களா?"

"நான் சொன்னது நிஜம். சொன்ன விஷயம் பொய்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். எலி, முடிச்சு, காடாத் துணி, புளி. ஒன்றையும் விடவில்லை. அவன் கவனமாகக் கேட்டுக்கொண்டான்.

"இது எப்பத் தெரிஞ்சுதுங்க உங்களுக்கு?"

"மார்கழியில்."

அவன் விரலை மடக்கி மாதங்களை எண்ணினான். எட்டாவது விரலில் நிறுத்தினான்.

"கண்டியில அட்டை கடிக்குமுங்க" என்றான். "உப்பு வெச்சா உட்ரும். பேச்சுக்கு எந்த உப்புங்க?"

மேச்சேரிக்கு எப்படிப் போவது என்று கேட்டான். வழி சொன்னேன். அவள் காசைக் கொடுத்தேன். அதை அவன் திருப்பிப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சேலம் பஸ் புறப்படும் வரை பக்கத்தில் நின்றேன். அவன் போய்ச் சேர்ந்தான் என்பதும், அங்கேயே இருந்துவிட்டார்கள் என்பதும், அவர்கள் இருவரும் இராசிபுரத்துக்கு அதன் பிறகு வரவே இல்லை என்பதும் சில வருஷம் கழித்துத் தெரிந்தது. அவன் வழியெல்லாம் தெருப்பேச்சை நம்பினானா, என் பேச்சை நம்பினானா, அவளிடம் முதலில் என்ன கேட்டான் என்பது எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு முகமில்லை.

பஸ் போனதும் நேராக அந்தத் தெருவுக்குப் போனேன். இந்தத் தடவை யாரும் கேட்கும் வரை காத்திருக்கவில்லை. கிழவர் வீட்டுச் சன்னலைத் தட்டி, தறியை நிறுத்தச் சொல்லி, உரக்கச் சொன்னேன். அவள் எடுக்கவில்லை, எலி எடுத்தது, நான் சொன்னது தப்பு. பக்கத்து வீட்டுச் சன்னல்களிலும் தலைகள் தெரிந்தன. வீட்டுக்காரி தன் வாசலில் நின்று கேட்டாள், பிறகு உள்ளே போனாள்.

கிழவர் ஆச்சரியப்படவில்லை. ஊடைநூல் ஓடும் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எலி சங்கதி எங்களுக்குத் தெரியுமுங்களே. தை நோம்பிக்கு வெள்ளையடிச்ச ஆளுதான் வெளிய வந்து சொன்னான்."

"தெரியுமா? அப்புறம் ஏன் அவனிடம் அப்படிச் சொன்னீர்கள்?"

"நீங்க வந்து மாத்திச் சொல்லலீங்களே" என்றார். "தை மாசத்துல ஒருநா இங்க வந்து நின்னீங்க. சொல்லப் போறீங்கன்னுதான் நான் தறியை நிறுத்துனேன். நீங்க நூலு வெலையக் கேட்டீங்க. செரி, ரைட்டரு பார்த்துச் சொன்னவரு. எலி கத பொய்யாட்ட இருக்குதுன்னு உட்டுட்டோம்."

நாடாவை வீசினார். தறி ஓடத் தொடங்கியது.